பேலன்ஸ் இல்லாமல் கார்டைத் தேய்த்தால்: அமெரிக்க வங்கிகளின் ஓவர்டிராஃப்ட் கணக்கு

நம் ஊரில் சேமிப்புக் கணக்கில் பணம் இல்லாமல் கார்டைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மெஷின் மறுத்துவிடும். கடைக்காரர் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார். வரிசையில் நிற்பவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். வேறு கார்டைத் தேடுவோம், இல்லையென்றால் பையை அங்கேயே வைத்துவிட்டு வருவோம். அந்தச் சங்கடத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நானும் அந்த நினைப்பில்தான் இருந்தேன். தினமும் பேலன்ஸ் பார்க்கும் பழக்கம் இல்லை. தீர்ந்துபோனால் கார்டே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. கார்டு சொல்லவில்லை. சம்பளம் வருவதற்கு முந்தைய வாரக் கடைசியில் பெட்ரோல், மளிகை, மருந்துக் கடை என்று மூன்று இடத்தில் தேய்த்தேன். மூன்றும் தடையில்லாமல் போயின. செவ்வாய்க்கிழமை கணக்கைத் திறந்தால் பேலன்ஸுக்கு முன்னால் மைனஸ் குறி. நான் வாங்கிய சாமான் எல்லாம் சேர்த்து 60 டாலர்கூட இல்லை. அதற்கு மூன்று கட்டணம், ஒவ்வொன்றும் 35 டாலர். கிளைக்குப் போய்க் கேட்டேன். கணக்கு தொடங்கிய அன்று நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதைவிட அதிகமாகச் செலவாவது, அதற்குப் பாதுகாப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று டிக் அடித்திருந்தேன். பாதுகாப்பு என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. முதலாவது, செக்கிங் கணக்கில் (அன்றாடச் செலவுக்கான கணக்கு) பணம் குறைந்தால் உங்களுடைய இன்னொரு கணக்கிலிருந்து எடுத்து நிரப்புவது. இரண்டாவது, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்த கடனிலிருந்து நிரப்புவது. மூன்றாவது, வங்கி தன் கைப்பணத்தைப் போட்டு அந்தச் செலவைத் தீர்த்துவிட்டு, அதற்கென்று ஒரு தட்டையான (செலவு எவ்வளவானாலும் மாறாத) கட்டணம் வசூலிப்பது. முதலாவதற்குப் பெரும்பாலும் செலவே இல்லை. இரண்டாவதற்குச் சில்லறைக் காசு. மூன்றாவதுதான் 35 டாலர். கவுன்டரில் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயரைச் சொல்கிறார்கள்.

ஓவர்டிராஃப்ட் எப்படி வந்தது?

ஓவர்டிராஃப்ட் என்பதே கெட்ட விஷயம் இல்லை. 1728-ல் எடின்பரோவில் வில்லியம் ஹாக் என்ற வணிகருக்கு, கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண்டு அதிகமாக எடுத்துக்கொள்ள ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அனுமதி கொடுத்தது. ஓவர்டிராஃப்டின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். கொள்முதலுக்கு இன்றே பணம் கொடுக்க வேண்டும், விற்ற சரக்குக்கு அடுத்த மாதம்தான் பணம் வரும் என்கிற வியாபாரிக்கு இது உயிர்நாடி. நம் ஊர் வியாபாரிகள் நடப்புக் கணக்கில் ‘ஓடி’ என்று வைத்திருப்பதும் இதுதான். வரம்பு உண்டு, வட்டி உண்டு, எல்லாம் எழுத்தில் உண்டு.

அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தின் செக்கிங் கணக்கில் இது வேறு வழியாக நுழைந்தது. செக் எழுதி வாழ்ந்த காலத்தில், நல்ல வாடிக்கையாளர் ஒருவரின் செக்குக்குக் கணக்கில் கொஞ்சம் பணம் குறைந்தால், கிளை மேலாளர் அவரைத் தெரிந்தவர் என்பதால் செக்கைத் திருப்பாமல் பாஸ் பண்ணிவிடுவார். அது ஒரு மரியாதை. செக் திரும்பினால் வங்கிக்கும் கட்டணம், செக்கை வாங்கியவருக்கும் கட்டணம், பெயருக்கும் கெடுதல். இந்தியாவில் போதிய பணமில்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கே போடலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மரியாதையின் மதிப்பு புரியும்.

கடன் கொடுப்பவர் உண்மையான வட்டி விகிதத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1968-ல் வந்தது. அதற்கு 1969-ல் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் விதிகள் எழுதியபோது, மேலாளர் எப்போதாவது செய்யும் இந்த மரியாதையைக் கடன் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைக்கு அது நியாயமான விலக்குதான். ஒரு ஆள் யோசித்து, ஒரு செக்குக்குச் செய்கிற உதவிக்கு ஆண்டு வட்டி கணக்குப் போடச் சொல்வதில் அர்த்தமில்லை.

அப்புறம் அந்த மேலாளரின் நாற்காலியில் கணினி உட்கார்ந்தது. 1990-களிலிருந்து, யாருக்கு எவ்வளவு தூரம் மைனஸில் போக விடலாம் என்பதை மென்பொருளே முடிவு செய்தது. அதே காலத்தில் டெபிட் கார்டு எல்லோர் கைக்கும் வந்தது. மாதம் பத்து செக் எழுதியவர் இப்போது மாதம் அறுபது முறை கார்டைத் தேய்க்கிறார். ஒவ்வொரு தேய்ப்பிலும் கட்டணத்துக்கு ஒரு வாய்ப்பு. ஆனால் 1969-ன் விலக்கு அப்படியே இருந்தது. மேலாளரின் மரியாதைக்காகத் திறந்து வைத்த சிறு கதவு வழியாக ஒரு தொழிலே உள்ளே வந்துவிட்டது. அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தின் கணக்குப்படி, ஓவர்டிராஃப்டிலும் பணமில்லாமல் திருப்பியதற்கான கட்டணத்திலும் 2019-ல் மட்டும் வங்கிகள் ஈட்டியது 1,500 கோடி டாலருக்கும் மேல்.

இதைக் கடனாகப் பார்த்தால் என்ன வட்டி? அந்தப் பணியகம் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், டெபிட் கார்டு ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பெரும்பாலானவை 24 டாலர் அல்லது அதற்கும் குறைவான செலவுகளுக்கு வந்தவை என்று தெரிந்தது. பெரும்பாலோர் மூன்று நாளுக்குள் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள். 24 டாலரை மூன்று நாளுக்குக் கொடுத்து 34 டாலர் வாங்கினால், ஆண்டு வட்டி 17,000 சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டிக்காரரின் மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது. கட்டணம் என்று பெயர் வைத்ததால் யாரும் வட்டி கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

வரிசையில் இருக்கிறது சூட்சுமம்

ஒரு நாளில் கணக்குக்கு ஐந்து செலவுகள் வந்தால், எதை முதலில் கழிப்பது என்று யார் முடிவு செய்வது? வங்கி. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கில் 500 டாலர் இருக்கிறது. காலையிலிருந்து கார்டில் 20, 30, 45, 40 டாலர் என்று நான்கு செலவுகள். மாலையில் 480 டாலருக்கு ஒரு செக் வருகிறது. வந்த வரிசையில் கழித்தால், நான்கு செலவும் போய் 365 மீதி இருக்கும். செக் மட்டும்தான் மைனஸில் தள்ளும். ஒரு கட்டணம், 35 டாலர். இப்போது பெரியதிலிருந்து சிறியதாகக் கழித்துப் பாருங்கள். முதலில் 480 போய்விடும், மீதி 20. அடுத்து 45 வந்தால் மைனஸ். பின்னால் வரும் 40, 30, 20 எல்லாமே மைனஸுக்குள். நான்கு கட்டணம், 140 டாலர். இரண்டு வழியிலும் நாள் முடிவில் நீங்கள் வங்கிக்குத் தர வேண்டிய அசல் ஒன்றுதான்: 115 டாலர். வரிசையை மாற்றியதால் மட்டும் 105 டாலர் கூடிவிட்டது.

பல பெரிய வங்கிகள் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் செய்தன. வாடகை, வீட்டுக் கடன் மாதிரி முக்கியமான பெரிய செலவு முதலில் தீர வேண்டும் என்பதற்காகத்தான் என்று காரணம் சொன்னார்கள். சிறியதோ பெரியதோ எல்லாவற்றையும் வங்கியே தீர்த்துவிடும்போது இந்தக் காரணம் நிற்காது. 2010-ல் கலிஃபோர்னியா வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கில், வெல்ஸ் ஃபார்கோ வங்கி 203 மில்லியன் டாலர் திருப்பித் தர வேண்டும் என்று நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். ஃபுளோரிடாவில் நாடு முழுவதற்குமாக ஒன்றுசேர்த்து நடத்தப்பட்ட வழக்கில் பேங்க் ஆஃப் அமெரிக்கா 2011-ல் 410 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதற்குப் பின் பல வங்கிகள் வரிசையை மாற்றிக்கொண்டன.

ஆனால் நேரக் குழப்பம் முழுதாகத் தீரவில்லை. கார்டைத் தேய்க்கும் நேரமும் அந்தப் பணம் உண்மையில் கணக்கை விட்டுப் போகும் நேரமும் ஒன்றல்ல. நடுவில் ஒன்றிரண்டு நாள் இருக்கும். தேய்த்தபோது போதிய பணம் இருந்திருக்கும். பணம் போகும் நேரத்தில் வேறு ஏதோ ஒன்று முந்திக்கொண்டு போயிருக்கும். இருக்கும்போதுதானே செலவு செய்தேன் என்று வாடிக்கையாளர் கேட்பார். அதற்கும் கட்டணம் போட்டார்கள். இந்த மாதிரி திடீர்க் கட்டணங்களுக்காக 2022-ல் ரீஜன்ஸ் வங்கி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தந்ததும் அபராதமுமாக 191 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. உணவகத்தில் டிப்ஸ் பிறகு சேர்வது, பெட்ரோல் பங்கில் தற்காலிகமாகப் பெரிய தொகையைப் பிடித்து வைப்பது, போட்ட செக்கின் பணம் முழுதாக எடுக்கக் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாள் தொங்குவது, இவையெல்லாம் அதே குழப்பத்தின் கிளைகள். திரையில் தெரியும் பேலன்ஸை அப்படியே நம்பி, கடைசி டாலர் வரை செலவு செய்ய முடியாது என்பதை இங்கே எல்லோரும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த டிக்

2009 நவம்பரில் ஃபெடரல் ரிசர்வ் ஒரு முக்கியமான விதியைக் கொண்டுவந்தது. 2010 ஜூலை 1 முதல் புதுக் கணக்குகளுக்கும், ஆகஸ்ட் 15 முதல் பழைய கணக்குகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. ஏடிஎம்மில் எடுப்பதற்கும், கடையில் ஒருமுறை கார்டைத் தேய்ப்பதற்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்க வேண்டுமென்றால், வாடிக்கையாளர் முன்கூட்டியே தனியாகச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், பணம் இல்லாதபோது கார்டு மறுக்கப்படும், கட்டணம் கிடையாது. அதாவது நம் ஊர் மாதிரி.

நல்ல விதி. ஆனால் அதற்குள் இரண்டு ஓட்டைகள். சம்மதம் எப்படிக் கேட்கப்படுகிறது என்பது ஒன்று. 2020-ல் டிடி வங்கி, உரிய சம்மதம் இல்லாமல் வாடிக்கையாளர்களை இந்தத் திட்டத்தில் சேர்த்ததாக எழுந்த குற்றச்சாட்டில் 122 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மினசோட்டாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த டிசிஎஃப் வங்கியின் மீது 2017-ல் போட்ட வழக்கில், அதன் முன்னாள் தலைவர் தன் படகுக்கே ‘ஓவர்டிராஃப்ட்’ என்று பெயர் வைத்திருந்தார் என்று பணியகம் தன் மனுவில் குறிப்பிட்டது. அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

இரண்டாவது ஓட்டையைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தச் சம்மத விதி செக்குகளுக்குப் பொருந்தாது. கணக்கு எண்ணைக் கொடுத்துத் தானாகப் போகும்படி வைத்த மின்கட்டணம், இன்சூரன்ஸ், கடன் தவணை எதற்கும் பொருந்தாது. மாதாமாதம் கார்டில் தானாகப் போகும் சந்தாவுக்கும் பொருந்தாது. அவற்றுக்கு வங்கி உங்களைக் கேட்காமலே தீர்த்துவிட்டுக் கட்டணம் போடலாம், அல்லது திருப்பி அனுப்பலாம். நான் டிக் அடிக்கவில்லை, எனக்கு ஓவர்டிராஃப்டே வராது என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்பும் செயலிகளில் பெரும்பாலும் செக்கிங் கணக்கை நேரடியாக இணைத்துத்தான் வைத்திருப்போம். கட்டணம் குறைவு என்பதால். அந்தப் பணம் நாம் பட்டனைத் தட்டிய நேரத்தில் எடுக்கப்படுவதில்லை; ஓரிரு வேலை நாள் கழித்துத்தான் கணக்கிலிருந்து போகும். வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு வாரக் கடைசியில் செலவு செய்தால், திங்கள் செவ்வாயில் அது வந்து நிற்கும்போது பணம் இருக்காது. திருப்பி அனுப்பினாலும் கதை முடிவதில்லை. திரும்பிய மின்னணுப் பற்றை இன்னும் இரண்டு முறை மறுபடி அனுப்பிப் பார்க்க, வங்கிகளுக்கிடையே இந்தப் பணத்தை நகர்த்தும் வலையமைப்பின் விதிகளே இடம் தருகின்றன. திருப்பும் ஒவ்வொரு முறையும் சில வங்கிகள் தனித்தனியாகக் கட்டணம் போட்டன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே வங்கியில் ஒரு சேவிங்ஸ் கணக்கைத் திறந்து செக்கிங்கோடு இணைப்பதுதான் முதல் வேலை. செக்கிங்கில் குறைந்தால் அங்கிருந்து தானாக நிரம்பும். முன்பு இப்படி நகர்த்துவதற்கே 10, 12 டாலர் வாங்கினார்கள். இப்போது பெரிய வங்கிகள் பல அதைக் கைவிட்டுவிட்டன. இருந்தாலும் உங்கள் வங்கியில் என்ன வழக்கம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேவிங்ஸிலிருந்து மாதம் ஆறு முறைக்கு மேல் இப்படி எடுக்கக் கூடாது என்று இருந்த கூட்டாட்சி விதியை 2020 ஏப்ரலில் ஃபெடரல் ரிசர்வ் நீக்கியது. சில வங்கிகள் மட்டும் தாமாக அந்த வரம்பை வைத்திருக்கின்றன. சேவிங்ஸில் 200, 300 டாலர் இருந்தாலே போதும், பெரும்பாலான விபத்துகள் அதற்குள் அடங்கிவிடும். 24 டாலர் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

அந்த 200 டாலரை ஒதுக்கி வைக்க முடிந்தவர் எதற்கு ஓவர்டிராஃப்டில் விழப்போகிறார் என்று கேட்கலாம். கேள்வி சரிதான். பணம் இருந்தும் நேரக் குழப்பத்தில் மாட்டுகிறவர்களுக்குத்தான் இந்த இணைப்பு முழுதாக உதவும். கை எப்போதும் காலியாகவே இருப்பவருக்கு உதவாது.

அடுத்தது ஓவர்டிராஃப்ட் கடன் வரம்பு. 500 அல்லது 1,000 டாலர் என்று ஒரு வரம்பு கொடுத்து, எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி வாங்குவார்கள். இது சட்டப்படி கடன். வட்டி விகிதத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும். 200 டாலரைப் பத்து நாளுக்கு 18 சதவீத வட்டியில் எடுத்தால் வட்டி ஒரு டாலர்கூட வராது. அதே 200 டாலருக்கு மூன்றாவது வழியில் 35 டாலர். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும் கவுன்டரில் இதைத் தாமாக எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. ஃபெடரல் கிரெடிட் யூனியன்களில் (உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவு நிதி நிறுவனங்கள்) கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பும் இருக்கிறது. அதனால் இந்த வசதிக்கு அவை நல்ல இடம். சில வங்கிகள் ஆண்டுக் கட்டணமோ, எடுக்கும்போதெல்லாம் ஒரு சிறு கட்டணமோ வைத்திருக்கும், சில 100 டாலர் மடங்குகளில்தான் கொடுக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடை உண்டு: கிரெடிட் வரலாறு பார்ப்பார்கள். எஃப்1 விசாவில் முதல் செமஸ்டருக்கு வந்திறங்கிய மாணவருக்கோ, எச்1பி வேலை விசாவில் வந்து மூன்று மாதம் ஆனவருக்கோ இது உடனே கிடைப்பது கடினம். ஓராண்டு கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

கிரெடிட் கார்டை இணைத்து அதிலிருந்து நிரப்பும் வசதியும் உண்டு. அது கார்டில் ரொக்கம் எடுப்பதற்குச் சமம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கென்று தனிக் கட்டணமும் இருக்கலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

மூன்றாவது வழியில், டெபிட் கார்டுக்கும் ஏடிஎம்முக்கும் கொடுக்கும் அந்தச் சம்மதத்தைப் பெரும்பாலோர் கொடுக்கவே தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். மளிகைக் கடையில் கார்டு மறுக்கப்பட்டால் உண்டாகும் வெட்கத்துக்கு 35 டாலர் விலை கொடுக்க வேண்டியதில்லை. நடு இரவில் நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட முடியாமல் நின்றால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம்தான். அதற்கு ஒரு கிரெடிட் கார்டு பையில் இருந்தால் போதும். கார்டே கிடைக்காத புது மாணவர் நாற்பது டாலர் ரொக்கம் வைத்துக்கொள்ளலாம்.

செக்குக்கும் தானியங்கிக் கட்டணங்களுக்கும் நிலைமை வேறு. வாடகை செக் திரும்பினால் வீட்டுக்காரர் தாமதக் கட்டணம் போடுவார், அடுத்த முறை வங்கி காசோலையாகக் கொண்டுவா என்பார். அங்கே வங்கி தீர்த்துவிட்டு ஒரு கட்டணம் வாங்கினால்கூடச் சில நேரம் அது லாபம்தான். எல்லா ஓவர்டிராஃப்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவை எதுவும் ஒத்துவராதவர்களுக்கு, மைனஸில் போகாதபடி அமைத்த கணக்குகள் இருக்கின்றன. ‘பேங்க் ஆன்’ என்ற தரச்சான்று பெற்ற கணக்குகளில் ஓவர்டிராஃப்ட் கட்டணமே இருக்கக் கூடாது, மாதக் கட்டணம் உண்டென்றால் அது 5 டாலருக்குள் இருக்க வேண்டும். சேஸ், பேங்க் ஆஃப் அமெரிக்கா, வெல்ஸ் ஃபார்கோ மூன்றிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு, பெயர்தான் வேறு. செக் புத்தகம் கிடைக்காது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கணக்கு திறக்கும் பெற்றோர் இதை முதலில் கேட்கலாம்.

யார் கொடுக்கிறார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகும் என்னைத் தொந்தரவு செய்யும் ஓர் எண் இருக்கிறது. ஓவர்டிராஃப்ட், திருப்புதல் கட்டணங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கொடுப்பது வெறும் 9 சதவீதக் கணக்குகள் என்று பணியகத்தின் 2017 ஆய்வு சொன்னது. ஆண்டுக்குப் பத்து முறைக்கு மேல் மைனஸில் போகிறவர்கள் அவர்கள். மற்றவர்களுக்கு இது எப்போதோ நடக்கும் விபத்து. அவர்களுக்கு இதுதான் மாத வாழ்க்கை. சம்பளத்துக்கும் வாடகைக்கும் நடுவில் இருக்கும் நாலு நாள் இடைவெளியைத்தான் அவர்கள் இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறார்கள். இலவச செக்கிங் கணக்கு என்று நாம் அனுபவிப்பதில் ஒரு பங்கு அவர்கள் கொடுத்தது.

வங்கிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. இந்த வசதியை எடுத்துவிட்டால் அந்த மக்கள் அடுத்த சம்பளத்தை நம்பி அதிக வட்டிக்குக் கொடுக்கும் சம்பள நாள் கடன் கடைக்குத்தான் போவார்கள் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உதவிக்கு ஏன் வட்டிக் கணக்கில் விலை சொல்லக் கூடாது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. பிரிட்டனில் 2020 ஏப்ரலில் தட்டையான கட்டணங்களைத் தடை செய்து, ஓவர்டிராஃப்டுக்கு ஒரே ஆண்டு வட்டியாகத்தான் விலை சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். பல வங்கிகள் 40 சதவீத வட்டி வைத்தன. அதிகம்தான், ஆனாலும் சிறு தொகையைச் சில நாளுக்கு எடுப்பவருக்கு அது சில்லறைக் காசுதான்.

அமெரிக்காவிலும் காற்று கொஞ்சம் மாறியது. 2021-ல் ஆலி வங்கி கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் கேப்பிடல் ஒன்னும் நீக்கப்போவதாக அறிவித்தது. 2022-ல் சிட்டி நீக்கியது. பேங்க் ஆஃப் அமெரிக்கா 2022 மே மாதம் 35 டாலரை 10 ஆகக் குறைத்தது. சேஸில் கட்டணம் 34 டாலர் என்று தொடர்ந்தாலும், நாள் முடிவில் 50 டாலர் வரை மைனஸில் இருந்தால் வாங்குவதில்லை என்றார்கள். அடுத்த நாளுக்குள் நேர் செய்யவும் அவகாசம் கொடுத்தார்கள். 2019-ல் 1,500 கோடியைத் தாண்டியிருந்த வசூல் 2023-ல் 580 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. சட்டம் வரும் முன்பே, போட்டியும் விமர்சனமும் சேர்ந்து செய்த வேலை இது.

சட்டமும் வரத்தான் பார்த்தது. 2024 டிசம்பர் 12 அன்று பணியகம் ஒரு விதியை இறுதி செய்தது. 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகள் ஓவர்டிராஃப்டுக்கு 5 டாலர் வாங்கலாம், அல்லது தங்களுக்கு ஆகும் செலவை மட்டும் வாங்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்லாக் கடன்களையும் போல வட்டி விகிதத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1969-ல் திறந்த அந்தக் கதவை மூடும் முயற்சி. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் செனட்டில் 52-க்கு 48, ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 211 என்ற வாக்குகளில் அது ரத்து செய்யப்பட்டது. மே 9 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். இப்படி ரத்தான விதியை ஏறத்தாழ அதே வடிவில் பணியகம் மறுபடி கொண்டுவருவதற்கும், இப்படி ரத்து செய்ய நாடாளுமன்றத்துக்கு வழி தரும் சட்டமே தடை போடுகிறது. புதுச் சட்டம் இல்லாமல் முடியாது.

ஆகவே இப்போதைக்கு நமக்கு மிச்சம் இருப்பது 2010-ன் சம்மத விதிதான். அதில் சில உரிமைகள் உண்டு. கொடுத்த சம்மதத்தை எந்த நாளிலும் திரும்பப் பெறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. டெபிட் கார்டுக்குச் சம்மதம் தராததற்காக, செக்குகளைத் தீர்க்க மாட்டேன் என்று வங்கி மிரட்டக் கூடாது. மற்றவர்களுக்குத் தரும் அதே கணக்கை அதே நிபந்தனையோடு தர வேண்டும். வங்கியின் செயலியிலேயே அந்த அமைப்பு இருக்கும், இல்லாவிட்டால் தொலைபேசியில் சொன்னால் போதும்.

கட்டணம் விழுந்துவிட்டால் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை என்றால் பெரும்பாலும் ஒன்றையாவது திருப்பித் தருவார்கள். மைனஸை அப்படியே விட்டுவிட்டு மட்டும் இருக்காதீர்கள். சில வாரங்களில் வங்கி கணக்கை மூடிவிட்டு, இப்படிப்பட்ட கணக்குகளின் பதிவை வங்கிகளுக்காக வைத்திருக்கும் செக்ஸிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்துக்குத் தெரிவிக்கும். அந்தப் பதிவு ஐந்து ஆண்டு வரை இருக்கும். வேறு வங்கிக்குப் போனாலும் பெரும்பாலும் கணக்கு திறக்க விட மாட்டார்கள். படிப்பு முடித்தோ வேலை முடிந்தோ ஊருக்குத் திரும்புகிறவர்கள் செக்கிங் கணக்கில் பத்து டாலரைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். மாதக் கட்டணம் அதைத் தின்றுவிட்டு மைனஸுக்குள் இறங்கும். குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்று இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2014-ல் சொன்னது மாதிரி இங்கே ஒரு பொது விதி இல்லை. தானாகப் போகும் சந்தாக்களை நிறுத்தி, கடைசிப் பற்று போன பிறகு, கணக்கை முறையாக மூடி, மூடியதற்கு எழுத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அன்று கிளையில் எனக்கு ஒரு கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், இரண்டைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சம்மதத்தை எடுத்துவிட்டேன். 300 டாலரை சேவிங்ஸில் போட்டு இணைத்தேன். சென்ற ஆண்டு கார் இன்சூரன்ஸ் தவணை சம்பளத்துக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது. 18 டாலர் குறைந்தது. சேவிங்ஸிலிருந்து 18 டாலர் நகர்ந்தது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் என்று இருந்தது.